பிரான்ஸின் தோர்தோன் நதிக்கரை: ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி, கோட்டை கோட்டையாக நடந்து, அடுத்த நிலையத்தில் ஏறுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் நீங்களும் உங்கள் மனைவியும் பிரான்ஸ் வருகிறீர்கள். பாரிஸுக்கு ஒதுக்கியது போக ஏழு நாள் கையில் இருக்கிறது. கிராமப்புறப் பாதைகளில் நடந்து பழைய ஊர்களையும் கோட்டைகளையும் பார்க்க வேண்டும். தினமும் நடக்கிற பழக்கம் உண்டு, மலையேறிய அனுபவம் இல்லை. கார் எடுக்கப் போவதில்லை. சைவம். பிரெஞ்சு தெரியாது. எல்லோரும் லுவார் நதிப் பக்கத்துக் கோட்டைகளுக்குப் போகச் சொல்கிறார்கள், நடப்பதற்கும் அதுதானா சரியான இடம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடப்பதற்கு லுவார் வேண்டாம் என்பது என் கருத்து. தெற்கே, பெரிகோர் பகுதியில் ஓடும் தோர்தோன் நதிக்கரைக்குப் போங்கள். லுவாரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஷாம்போர் போன்ற அரண்மனை உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஆனால் அது 1519-இல் முதலாம் பிரான்சுவா அரசர் வேட்டைக்கும் பகட்டுக்குமாகக் கட்டத் தொடங்கியது. அங்கே ஒரு மாளிகைக்கும் அடுத்த மாளிகைக்கும் இடையே சமதளமாகப் பல கிலோமீட்டர் கிடக்கும். சைக்கிளுக்கு ஏற்ற நாடு அது, நடப்பவருக்கு நீண்டுகொண்டே போகும். தோர்தோன் கோட்டைகள் அப்படியல்ல. அவை ஒன்றையொன்று கண்காணிக்கக் கட்டப்பட்டவை. காரில் போனால் ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவீர்கள். நடந்து போனால் அந்தக் கட்டடம் ஏன் அந்தப் பாறையின் மேல் நிற்கிறது என்பது தெரியும். நான் இந்தப் பள்ளத்தாக்கை மூன்று முறை நடந்திருக்கிறேன். இரண்டாம் முறைதான் இது எனக்கே விளங்கியது.

கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வழி புரியாது. 1152-இல் அக்கித்தேன் நாட்டின் வாரிசான எலெனோர், ஹென்றி பிளாந்தாஜெனேவை மணந்தார். இரண்டே ஆண்டில் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். அத்தோடு தென்மேற்குப் பிரான்ஸின் பெரும்பகுதி ஆங்கில அரசரின் கைக்குப் போனது. அப்புறம் முந்நூறு ஆண்டு இழுபறி. அதன் கடைசிக் கட்டம்தான் 1337 முதல் 1453 வரை நடந்த நூற்றாண்டுப் போர். அந்தக் காலத்தில் இந்த நதிப் பள்ளத்தாக்கு ஓர் எல்லைப்புறம், அதுவும் ஓரிடத்தில் நிற்காத எல்லைப்புறம். இன்று பிரெஞ்சுக்காரர் கையில், நாளை ஆங்கிலேயர் கையில். வடகரையில் பேனாக் கோட்டை பிரெஞ்சுப் பக்கம். தென்கரையில் காஸ்தெல்நோ கோட்டை போரின் பெரும்பகுதி ஆங்கிலேயர் பக்கம். இரண்டுக்கும் இடையே காக்கை பறக்கும் தூரம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. எதிரி வீட்டு அடுப்புப் புகை தெரியும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த இடமும் இதே நதிக்கரைதான். கீழே மேற்கில் காஸ்தியோன் என்ற ஊரில், 1453 ஜூலையில்.

இன்னொன்று. பிரெஞ்சில் 'ஷாத்தோ' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். தமிழில் நமக்குக் கோட்டை, அரண்மனை, மாளிகை என்று தனித்தனிச் சொற்கள் இருப்பது இங்கே கைகொடுக்கிறது. பேனாக்கும் காஸ்தெல்நோவும் கோட்டை. கடைசி நாள் பார்க்கப்போகும் மிலாந்த், மாளிகை. வரைபடத்தில் 'ஷாத்தோ' என்று போட்டிருக்கும் சில இடங்கள் யாரோ குடியிருக்கும் தனி வீடுகள், உள்ளே போக முடியாது.

சரி, பாதைகளைப் பற்றி. பிரான்ஸில் நடைபாதைகளுக்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1947-இல் ஓர்லேயான் பக்கம் லுவார் கரையில் முதல் நெடும்பாதைத் துண்டு திறக்கப்பட்டது. இன்று நாடு முழுக்க ஏறத்தாழ 1,80,000 கி.மீ. பாதைகளில் அடையாளம் போட்டிருக்கிறார்கள். பெயின்ட் டப்பாவோடு போய் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிப்பவர்களில் பெரும்பாலோர் நடைப்பயணக் கூட்டமைப்பின் தன்னார்வலர்கள். ஒரு கல்லில் புதுப் பெயின்ட் பளிச்சென்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் நன்றி பொங்கும். வெள்ளைக்கோடும் அதன் கீழே சிவப்புக்கோடும் இருந்தால் அது நெடும்பாதை, ஜி.ஆர். (பிரெஞ்சு வாயில் 'ஜே எர்'.) மஞ்சளும் சிவப்பும் என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை. மஞ்சள் மட்டும் என்றால் ஓரிரு மணி நேரத்திலோ ஒரு நாளிலோ முடிகிற உள்ளூர்ப் பாதை. அதே நிறங்களில் பெருக்கல் குறி போட்டிருந்தால், உங்கள் வழி அது இல்லை என்று பொருள். கோடு வளைந்து அம்பாக இருந்தால் அடுத்த முக்கில் திரும்ப வேண்டும்.

இந்தப் பெருக்கல் குறியை அலட்சியம் செய்யாதீர்கள். முதல் பயணத்தில் பேசிக்கொண்டே நடந்து, ஒரு வால்நட் மரத்தில் இருந்த குறியைக் கவனிக்காமல் இறங்கிவிட்டோம். அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மறுபடி அத்தனை ஏற்றமும் ஏறினோம். அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: பத்து நிமிடம் நடந்தும் எந்தக் குறியும் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்குத் திரும்பிவிடுவேன். முன்னால் எங்காவது வரும் என்று நம்பிப் போனால் அநேகமாக வராது.

இந்தப் பள்ளத்தாக்கின் வழியே ஜி.ஆர். 64 போகிறது. லெ எய்சி என்ற ஊரிலிருந்து ரோக்கமதூர் வரை செல்லும் பாதை அது. நான் சொல்லப்போகும் வழி அதைச் சில இடங்களில் பிடிக்கும், மற்ற இடங்களில் மஞ்சள் பாதைகளில் போகும். ஆகையால் ஒரே குறியை நம்பி ஐந்து நாளும் போக முடியாது, வரைபடம் அவசியம். ஐ.ஜி.என். என்ற அரசு நிறுவனம் வெளியிடும் 1:25,000 வரைபடத்தில் 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர். ஒற்றை வீடு, கிணறு, கல்லறைத் தோட்டம் எல்லாம் அதில் இருக்கும். போனிலும் அதே வரைபடத்தைப் பார்க்கலாம். காட்டுக்குள் சிக்னல் போய்விடும் என்பதால் முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வழி. பாரிஸிலிருந்து போர்தோ, அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து சார்லாவுக்கு வட்டார ரயில், திராட்சைத் தோட்டங்கள் வழியே இரண்டரை மூன்று மணி நேரம். சார்லாவோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய நிலையம் சேன் சிப்ரியான். நீங்கள் சார்லாவில் இறங்கி, நதியோரமாக நடந்து, ஐந்து நாள் கழித்து சேன் சிப்ரியானில் ஏறிக்கொள்ளலாம். மொத்தம் 55 முதல் 60 கி.மீ. வரும். பேருந்தும் வேண்டாம், டாக்ஸியும் வேண்டாம். நதியை மட்டும் நாலு முறை பாலத்தில் கடப்பீர்கள்.

சார்லாவில் ஒரு முழு மாலை இருங்கள். ஊர் முழுவதும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். இவ்வளவு பழைய ஊர் இவ்வளவு முழுமையாக எப்படி நிற்கிறது என்று வியப்பீர்கள். 1962-இல் அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கொண்டுவந்த சட்டம் அதற்கு ஒரு பெரிய காரணம். தனித்தனிக் கட்டடத்தை மட்டுமல்லாமல் பழைய நகரத்தின் ஒரு பகுதி முழுவதையுமே காப்பாற்றும் சட்டம் அது. அது முதலில் நடைமுறைக்கு வந்த ஊர்களில் சார்லாவும் ஒன்று. தலையை நிமிர்த்திக் கூரைகளையும் பாருங்கள். ஓடு இல்லை, 'லோஸ்' என்ற தட்டைச் சுண்ணாம்புக்கற்களை அடுக்கிய கூரை. ஒரு சதுர மீட்டருக்கு அரை டன்னுக்குக் குறையாது. அதைத் தாங்குவதற்காகவே கூரையை அவ்வளவு செங்குத்தாக, அவ்வளவு கனமான ஓக் உத்திரங்களில் ஏற்றியிருக்கிறார்கள்.

முதல் நாள் லேசானது. சார்லாவிலிருந்து கிழக்கே சூயாக் பக்கம் போன பழைய ரயில் பாதையில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள். அதில் கார்சாக் வரை போய், ரோமனெஸ்க் காலத்துத் தேவாலயத்தை எட்டிப் பார்த்துவிட்டு, நதிப்பக்கம் திரும்புங்கள். அங்கே தோர்தோன் ஒரு பெரிய கொண்டை ஊசி போல வளைகிறது, உள்ளூரில் அதை 'சேங்ல்' என்பார்கள். வளைவின் உச்சியில் மோன்ஃபோர் கோட்டை. உள்ளே விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்தாலே போதும். கீழே வித்ராக்கில் தங்கலாம். நடை ஏறத்தாழ 15 கி.மீ.

இரண்டாம் நாளுக்கு நடை குறைவு, பார்ப்பதற்கு அதிகம். வித்ராக் பாலத்தைக் கடந்து தோம் மலைக்கு ஏறுங்கள். நதிக்கு 150 மீட்டர் மேலே, செங்குத்துப் பாறையின் உச்சியில் ஓர் ஊர். 1281-இல் மூன்றாம் பிலிப் அரசர் இதை நிறுவினார். அந்தக் காலத்தில் பிரெஞ்சு அரசரும் ஆங்கில அரசரும் போட்டி போட்டுக்கொண்டு 'பஸ்தீத்' என்ற திட்டமிட்ட ஊர்களை உண்டாக்கினார்கள். நடுவில் சந்தை, நேர்த்தெருக்கள், சுற்றிலும் மதில். மற்ற பஸ்தீத்கள் பொதுவாகச் சதுரம் சதுரமாக இருக்கும். தோம் மட்டும் மலையுச்சியின் வடிவத்துக்கு ஏற்பக் கோணலாக வளைந்திருக்கிறது. கிழக்கு வாயிலின் இரட்டைக் கோபுரங்களில், சுவரில் சிலுவைகளும் உருவங்களும் செதுக்கியிருக்கின்றன. 1307-இல் கைதான டெம்ப்ளர்கள், அதாவது சிலுவைப் போர்களில் சண்டையிட்ட துறவி வீரர்கள், சிறையிருந்தபோது செதுக்கியவை என்று சொல்கிறார்கள்.

தோமில் நான் சொல்லாமல் விட முடியாத கதை ஒன்று உண்டு. நதிப்பக்கம் இந்த ஊருக்கு மதில் கிடையாது. பாறையே போதும், அந்த வழியாக எவன் ஏறுவான் என்று விட்டுவிட்டார்கள். கத்தோலிக்கரும் புரோட்டஸ்டன்ட்களும் மோதிய மதப்போர்க் காலத்தில், 1588-இல், புரோட்டஸ்டன்ட் படைத்தலைவர் ழோஃப்ருவா த விவான் சுமார் முப்பது பேரோடு இரவில் அந்தப் பாறையில்தான் ஏறினார். ஊருக்குள் நுழைந்ததும் பெரும் சத்தம் எழுப்பிக் குழப்பம் உண்டாக்கி, வெளியே காத்திருந்த தம் படைக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஊர் நாலு ஆண்டு அவர் கையில் இருந்தது. நீங்கள் அந்த விளிம்பில் நின்று கீழே நதியைப் பாருங்கள். பகலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாலே கால் கூசும். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நாலாம் நாள் நீங்கள் போகப்போகும் காஸ்தெல்நோ. இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாக் கதையும் ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடும்.

மூன்றாம் நாள், தோமிலிருந்து செனாக்குக்கு இறங்கிப் பாலத்தைக் கடந்து லா ரோக் கஜாக். படங்களில் பார்த்திருப்பீர்கள்: பாறைச் சுவர், அதன் காலடியில் ஒரே வரிசையில் வீடுகள், உடனே நதி. தெற்கு நோக்கிய பாறை வெயிலை வாங்கித் திருப்பித் தருவதால் வாழையும் பனைவகை மரங்களும் அங்கே வளர்கின்றன. ஆனால் அதே பாறைதான் ஆபத்தும். 1957 ஜனவரி 17 அன்று மேலிருந்து பெரும்பாறை உடைந்து விழுந்து, வீடுகள் நொறுங்கி மூன்று பேர் இறந்துபோனார்கள். இங்கே பிறந்த பாதிரியார் ழான் தார்த், வானியல் ஆர்வலர், 1614-இல் இத்தாலிக்குப் போய் கலிலியோவையே சந்தித்தவர். இத்தனை சின்ன ஊரிலிருந்து!

நதியில் 'கபார்' என்ற தட்டைப்படகுகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போவதைப் பார்ப்பீர்கள். பழைய காலத்தில் இவை மேலாற்று ஓக் மரத்தையும் பீப்பாய்ப் பலகைகளையும் பெர்ஜெராக், லிபூர்ன் துறைகளுக்குக் கொண்டுபோயின. நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி வர முடியாது. ஆகவே மேலாற்றுப் படகோட்டிகள் சரக்கோடு படகையும் விறகு விலைக்கு விற்றுவிட்டு, கூலியை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் நடந்தே வீடு திரும்பினார்கள். நாம் விடுமுறைக்கு நடக்கிற பள்ளத்தாக்கு இது. கரையோரம் கால் வலிக்கும்போது எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

லா ரோக்கிலிருந்து பேனாக் போகும் வழியில் மார்க்கேசாக் தோட்டம். ஒரு நீண்ட குன்றின் முதுகில் பாக்ஸ்வுட் என்ற பசுமை மாறாத புதர்ச்செடிகள் 1,50,000-ஐ உருண்டை உருண்டையாக வெட்டி வளர்த்திருக்கிறார்கள். 1860-களில் அதன் உரிமையாளர் ஆரம்பித்த வேலை. நுழைவுக் கட்டணம் உண்டு, ஆனாலும் தவறவிடாதீர்கள். குன்றின் முனையிலிருந்து பார்த்தால் நீங்கள் நடந்து வந்த ஊர்களும் நாளை நடக்கப்போகும் ஊர்களும் ஒரே பார்வையில் கிடைக்கும். எனக்கு அந்தப் பள்ளத்தாக்கு முழுதாக விளங்கிய இடம் அதுதான். அங்கிருந்து மாலையில் பேனாக் போய்ச் சேருங்கள். அன்றைய நடை 12 கி.மீ. போல இருக்கும்.

நாலாம் நாளுக்காகத்தான் இந்தப் பயணமே. காலையில், கூட்டம் வருவதற்கு முன், பேனாக் ஊரின் கல்பாவிய சந்து வழியாகக் கோட்டைக்கு ஏறுங்கள். வீடுகளுக்கு நடுவே மேலே மேலே போகும் அந்தச் சந்து நல்ல செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும். கோட்டை நதிக்கு 150 மீட்டர் மேலே. பெரிகோரின் நான்கு பெரும் பிரபுக்களில் ஒருவரின் இருப்பிடம். சிங்க இதயம் கொண்டவர் எனப்பட்ட ஆங்கில அரசர் ரிச்சர்டின் ஆட்களும் ஒரு காலத்தில் இதைப் பிடித்து வைத்திருந்தார்கள். உள்ளே அலங்காரம் குறைவு. வெறும் கல், பெரிய அடுப்பு, இருட்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். மேல்தளத்துக்குப் போய்த் தெற்கே பாருங்கள். எதிர்க்கரையில், இன்னொரு பாறையில், காஸ்தெல்நோ நிற்கும்.

அங்கிருந்து இறங்கி, வெசாக் வயல்கள் வழியே நடந்து, பாலத்தைக் கடந்து, மறுபடி காஸ்தெல்நோவுக்கு ஏறுங்கள். ஐந்து கிலோமீட்டர் இருக்கலாம். காபி குடித்து, நின்று நின்று போனாலும் இரண்டு மணி நேரம். இங்கே மாட்டிக்கொண்ட இரண்டு பக்கமும் நூறு ஆண்டுக்கு மேல் முறைத்துப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த தூரம் இவ்வளவுதான். வயலில் வேலை செய்தவர்களுக்கு இரண்டு கோபுரமும் ஒரே நேரத்தில் தெரிந்திருக்கும். இரண்டில் எதற்கு வரி கட்டினாலும் மற்றவன் வந்து எரிப்பான். காரில் இதே தூரம் ஐந்து நிமிடம், அதில் இது எதுவும் மனதில் ஏறாது.

காஸ்தெல்நோ 1214-இல் சிமோன் த மோன்ஃபோரின் சிலுவைப் படையிடம் விழுந்தது. கத்தார் என்ற மதப்பிரிவை ஒழிக்கப் புறப்பட்ட படை அது. அதே படையெடுப்பில் மோன்ஃபோரும் பேனாக்கும், தோமில் ஊர் உண்டாவதற்கு முன்பே இருந்த பழைய கோட்டையும் விழுந்தன. 1442-இல் பிரெஞ்சு அரசர் முற்றுகையிட்டு, ஆங்கிலேயரைக் கடைசியாக வெளியேற்றினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல் எடுக்கும் குவாரியாகக் கிடந்தது. 1960-களில் தொடங்கிப் பழுது பார்த்து, 1985 முதல் இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகமாக நடக்கிறது. மதில்மேல் உண்மையான அளவில் கட்டிய கவண்பொறிகள் நிற்கின்றன. ஒரு பக்கம் எடைப்பெட்டி, மறுபக்கம் நீண்ட கை, நுனியில் கவண். எடை விழும்போது கை சுழன்று கல்லை வீசும். கோடையில் அதை இயக்கியும் காட்டுவார்கள். கேட்டுக்கொண்டு அந்த நேரத்துக்குப் போங்கள்.

ஐந்தாம் நாள் தென்கரையிலேயே மேற்கே போனால் மிலாந்த் மாளிகை. 1489-இல் பிரான்சுவா த கோமோன் என்பவர் தம் மனைவிக்காகக் கட்டியது. மலைக்கோட்டையில் குடியிருக்க அந்த அம்மாளுக்கு விருப்பமில்லையாம், வெளிச்சமுள்ள வீடு கேட்டார். ஆனால் இன்று எல்லோரும் அங்கே போவது ஜோசஃபின் பேக்கருக்காக. அமெரிக்காவின் வறுமையிலிருந்து வந்து பாரிஸைக் கலக்கிய கறுப்பினப் பாடகி, நடனக் கலைஞர். 1947-இல் இந்த மாளிகையை வாங்கி, பல நாடுகளிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியரை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்காக உளவு வேலை செய்தவர். கடனில் மாளிகை கைவிட்டுப்போய், 1969-இல் அவரை வெளியேற்றினார்கள். 2021 நவம்பர் 30 அன்று நாட்டின் பெரியோர்களுக்கான நினைவிடமான பாரிஸின் பாந்தேயோனில் பிரான்ஸ் அவருக்கு இடம் கொடுத்தது. இரண்டு கோட்டைகளையும் பார்த்து மனம் கனத்து வருபவர்களுக்கு இந்த வீடு வேறொரு பிரான்ஸைக் காட்டும். அங்கிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர் போல நடந்து, நதியைக் கடைசி முறை கடந்தால் சேன் சிப்ரியான்.

தங்க இடம்: 'ஷாம்ப்ர் தோத்' என்பது யாரோ ஒருவருடைய வீட்டில் ஓர் அறை, காலை உணவோடு. 'ஜீத் தெத்தாப்' என்பது நடப்பவர்களுக்கான விடுதி, கட்டில் வரிசையும் சமையலறையும் இருக்கும். உங்கள் இருவருக்கும் முதலாவது வசதி. ஜூனில் வார இறுதிகள் நிரம்பிவிடும், இரண்டு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் தாங்காது, நீங்கள் ஜூன் தேர்ந்தெடுத்தது நல்லது. இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். மாலையில் இடிமழை வரலாம், அதனால் ஏற்றங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

சைவம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், பெரிகோர் வாத்தின் நாடு. சார்லா உருளைக்கிழங்கு என்று பட்டியலில் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்காதீர்கள், அதை வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். தூரேன் என்ற பூண்டு சூப்பும் அப்படியே. சாலட்டில் பன்றித்துண்டு தூவி வரும். 'சான் வியாந்த், சான் புவாசோன்' என்று, இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று சொல்லுங்கள், எழுதியும் காட்டுங்கள். அறை பதிவு செய்யும்போதே சொன்னால் வீட்டுக்கார அம்மா பொதுவாக ஏதாவது நல்லதாகவே செய்து தருவார். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் காளான் ஆம்லெட் அருமை. இல்லாவிட்டாலும் கபேக்கூ என்ற சின்ன ஆட்டுப்பால் சீஸைச் சுட்டு வால்நட்டோடு தரும் சாலட், ரொட்டி, பழம் என்று ஓட்டலாம். ஜூனில் பெரிகோர் ஸ்ட்ராபெர்ரி கிடைக்கும். மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள். இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால் அடுப்பு அணைந்திருக்கும்.

தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன். ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டம் இருந்தால் வாசலை ஒட்டிக் குழாய் இருக்கும், பூச்செடிகளுக்கு ஊற்ற வைத்திருப்பார்கள். பிரான்ஸில் நடப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் பாட்டில் நிரப்புவார்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. புல் உயர்ந்த பாதைகளில் உண்ணி ஏறும், முழுக்கால் சட்டை போட்டு, மாலையில் முழங்காலின் பின்புறம், இடுப்பு எல்லாம் பாருங்கள். பொதுவான வேட்டைக்காலம் செப்டம்பரில்தான் தொடங்கும், உங்களுக்கு அந்தக் கவலை அதிகம் இல்லை. கணுக்காலைத் தாங்கும் காலணி நல்லது, மலையேற்றக் காலணி தேவையில்லை. சுண்ணாம்புக்கல் ஈரத்தில் சோப்பு மாதிரி, அதனால் அடிப்பாகம் பிடிமானமாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு 112.

இன்னொரு முறை வருவீர்களானால் கிழக்கே லோ நதிக்கரையில் ஜி.ஆர். 65 காத்திருக்கிறது. லெ பூய் ஊரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோவுக்குப் போகும் யாத்ரீகர் வழி. லெ பூய் ஆயர் கோதெஸ்கால்க் 950-இலேயே புறப்பட்டுப் போன வழி. அதில் சேன் கோம், எஸ்பாலியோன், எஸ்தேன், கோன்க் என்று நாலு நாள் நடந்தால் திருகிய தேவாலயக் கூம்பும், நதிமேல் பழைய பாலங்களும், ஊருக்கு நடுவே கோட்டையும் வரிசையாக வரும். கோன்க் தேவாலய வாயிலில் இறுதித் தீர்ப்பைச் செதுக்கியிருப்பதைப் பார்க்கவே போகலாம். ஆனால் அங்கே ஏற்றம் அதிகம், ரயில் தூரம். முதல் பயணத்துக்கு தோர்தோன்தான்.

புறப்படும் கிழமையையும் சொல்லிவிடுகிறேன், இதில் நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். கிராமத்துக் கடைகள் ஞாயிறு மதியத்துக்குப் பிறகு மூடிவிடும், பல கடைகள் திங்களும் திறக்காது, ரொட்டிக்கடைக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஞாயிறு மாலை வெறும் பையோடு ஓர் ஊரில் போய் நின்றால் பிஸ்கட்டோடு படுக்க வேண்டியதுதான். அதனால் வெள்ளிக்கிழமை சார்லா வந்து தங்குங்கள். சனிக்கிழமை காலை ஊர் முழுக்கச் சந்தை கூடும். சீஸ், வால்நட், ஸ்ட்ராபெர்ரி, இரண்டு நாளுக்குத் தாங்குகிற கனமான கிராமத்து ரொட்டி எல்லாம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, பத்தரை மணி வாக்கில் பழைய ரயில் பாதையைப் பிடியுங்கள்.